ஊர் எதை இழக்க விரும்பவில்லை: வெர்மான்ட் மலையூரில் பொதுக்கருத்து திரட்டும் முறை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு மருத்துவமனை வேலைக்காகக் குடிபோயிருக்கும் தோழி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, எங்க ஊர்ல பள்ளிக்கூடம், வீடு, ரோடுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாரையும் உட்கார வச்சு, ஊருக்குப் பொதுவா என்ன முக்கியம்னு கண்டுபிடிக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். குறிப்பெடுக்கற வேலை என் தலையில. எங்க ஆரம்பிக்கிறது?" ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவளைப் போல இன்னும் நாலு பேருக்கு உதவும் என்று அதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் இந்த மாநிலத்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கணவருக்கு பர்லிங்டன் பக்கம் வேலை. நாங்கள் குடியிருப்பது அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, 1,700 பேர் வாழும் மலையூரில். அங்கே நூலகத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறேன். வெர்மான்ட் முழுவதற்கும் 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,43,077. நம்மூரில் ஒரு நடுத்தர நகரத்தில் இருப்பதைவிடக் குறைவு. அதிலும் நூற்றுக்கு 65 பேர் கிராமப்புறத்தில் இருக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் இதுதான் அதிகம். நம்மூர் மாவட்டம் மாதிரி 14 கவுன்ட்டிகள் இருந்தாலும் அவற்றுக்குப் பெரிய அதிகாரம் கிடையாது. ரோடு போடுவது, பனி அள்ளுவது, வரி போடுவது எல்லாமே ஊர்தான். அதனால் ஊரின் மனசை அறிவது இங்கே நேராக வரவு செலவில் போய் நிற்கும் வேலை.

முறை நாங்கள் கண்டுபிடித்ததல்ல. வெர்மான்ட் ஊரக வளர்ச்சி மன்றம் என்ற அமைப்பு பல வருஷமாக ஊர் ஊராகப் போய் மூன்று கூட்டங்களாக இதை நடத்தி வருகிறது. முதல் கூட்டத்தில் எல்லோரும் பேசுவார்கள். சில வாரம் கழித்து இரண்டாவதில், பேசியவற்றில் எது முதலில் என்று தேர்ந்தெடுப்பார்கள். மூன்றாவதில் தேர்ந்தெடுத்த வேலைக்கு ஆள், பணம், வழி மூன்றையும் தேடுவார்கள். எங்கள் ஊரில் அதை ஒட்டி நாங்களே நடத்தினோம். தப்பு செய்தோம் என்றால் அது எங்கள் தப்புதான்.

கேள்வியை மாற்றுங்கள்

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுக் கூட்டத்தைத் தொடங்காதீர்கள். கடைச் சாமான் பட்டியல்தான் வரும். நடைபாதை, கைபேசி சிக்னல், புது தீயணைப்பு வண்டி, நீச்சல் குளம். ஒவ்வொன்றும் சொத்து வரியில் ஏறும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் அடுத்தவர் கேட்பதைக் கழிப்பதிலேயே பொழுது போய்விடும்.

"இந்த ஊரில் எதை இழக்க உங்களுக்கு மனசு வராது?" என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் வந்த பதில்களில் சில: பனியில் கார் பள்ளத்தில் இறங்கினால் டிராக்டரோடு யாராவது வந்து நிற்பார்கள் என்ற தைரியம். சனிக்கிழமை குப்பை போடப் போனால் அரை மணி நேரம் பேசிவிட்டு வருவது. பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி. மேல்மலைப் புல்வெளி காடாகிப் போகாமல் திறந்தே கிடப்பது. இவற்றைச் சொன்னவர்கள் தேர்தலில் எதிரெதிர்க் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிய பிறகுதான் எவ்வளவு பொதுவாக இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்தது.

மாநில அளவிலும் இப்படித்தான் நடந்தது. 2007 முதல் 2009 வரை அதே மன்றம் வெர்மான்டின் எதிர்காலத்துக்கான குழு ஒன்றை அமைத்து, 14 கவுன்ட்டிகளிலும் உட்கார்ந்து சுமார் 4,000 பேர் பேசியதைக் கேட்டது. அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 97 சதவீதம் பேர் உழைக்கும் நிலத்தை மதிப்பதாகச் சொன்னார்கள். உழைக்கும் நிலம் என்றால் வேடிக்கை பார்க்கும் பசுமையல்ல, சோறு போடும் பசுமை: மாட்டுப்பண்ணை, புல்வெளி, மேப்பிள் தோப்பு, மரம் வெட்டும் காடு. அந்த ஒற்றைக் கருத்தைப் பிடித்துக்கொண்டு போய் 2012இல் பண்ணைக்கும் காட்டுத் தொழிலுக்கும் மானியம் தரும் சட்டம் கொண்டுவந்தார்கள். விருப்பப் பட்டியலை மட்டும் கொண்டுபோயிருந்தால் சட்டமன்றத்தில் அந்தப் பிடி கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

நாளும் நேரமும்

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வேண்டாம். இந்த மாநில ரோடுகளில் பாதிக்கு மேல் மண்சாலை. பனி உருகும்போது சேறு அச்சு வரை ஏறும், மேல்மலைக்காரர்கள் இறங்கவே முடியாது. அதற்கு முன்னால் பிப்ரவரி கடைசியில் மேப்பிள் சாறு இறங்கத் தொடங்கும். 40 கேலன் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 கேலன் பாகு. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடுப்பு எரியும்போது ஆளைக் கூப்பிடக் கூடாது. ஜூன், ஜூலையில் வெயில் அடிக்கும் நாளெல்லாம் புல் அறுப்பு. நவம்பரில் மான் வேட்டை. மிச்சமிருப்பது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடிய, அப்புறம் ஜனவரி.

நேரம் மாலை ஆறரை. நாலு மணிக்கு வைத்தால் பால் கறப்பவர்கள் வரமாட்டார்கள், எட்டுக்கு வைத்தால் விடிகாலையில் எழுகிறவர்கள் வரமாட்டார்கள். சாப்பாடு கட்டாயம். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் இளம் தாய்மார் ஒருவரும் வரமாட்டார்கள்.

வராதவர்களிடம் போவது

கூட்டத்துக்கு வருகிறவர்கள் எப்போதும் வருகிற அதே நாற்பது பேர். மற்றவர்களைப் பிடிக்கச் சிறந்த இடம் குப்பைக் கிடங்கு. எங்கள் ஊரில் பெரும்பாலானவர்கள் சனிக்கிழமை காலை தங்கள் வண்டியிலேயே குப்பையை ஏற்றிக்கொண்டு அங்கே வருவார்கள். மடக்கு மேசை, ஒரு பிளாஸ்க் காபி, ஒரே ஒரு கேள்வி எழுதிய அட்டை போதும். நாலு சனிக்கிழமை நின்றேன். இருநூற்றுச் சொச்சம் அட்டை சேர்ந்தது. இறங்கி வரமுடியாத வயசானவர்களுக்கு, வீட்டுக்கு வீடு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் தொண்டர்களிடம் அட்டையைக் கொடுத்து அனுப்பினோம்.

பெரிய பண்ணைகளில் பால் கறப்பவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். குடியேற்றக் காகிதம் சரியில்லை என்ற பயத்தில் கடைக்குக்கூட வரமாட்டார்கள். அவர்களிடம் பெயர், ஊர், பண்ணை எதையும் கேட்காதீர்கள், எழுதாதீர்கள், படமும் வேண்டாம். அவர்கள் நம்புகிற ஒருவர் வழியாக மட்டும் போங்கள். எங்களுக்குக் கிடைத்தவை மூன்றே பதில்கள். அதில் ஒன்று: "ராத்திரி நடந்து போக ரோட்டில் ஒரு விளக்கு." இந்த ஊரின் பாலைக் கறந்து அனுப்புகிறவர் கேட்டது அவ்வளவுதான். தாளில் அதை எல்லோருடைய பதிலுக்கும் நடுவில் எழுதினேன்.

குறிப்பெடுப்பது: நான் செய்த பிழை

முதல் கூட்டத்தில் நான் குறிப்பெடுத்த மேசையில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். மேல்மலை ரோட்டில் மாட்டுப்பண்ணை. அவர் சொன்னது: "என் மகன் பதினாறு மைல் தள்ளிக் குடியிருக்கான். காலை நாலரைக்குக் கறவை. ரோடு உறைஞ்ச நாள்ல அவன் வந்து சேர்றதுக்குள்ள மாடு கத்திக்கிட்டு நிக்குது. நான் இல்லாமப் போனா இந்தக் கொட்டிலை யார் திறப்பா?"

நான் தாளில் எழுதியது: "வீட்டு வசதி – இளைஞர்."

அடுத்த வாரம் தாள்களை நூலகச் சுவரில் ஒட்டியிருந்தோம். அந்த அம்மா வந்தார். கையுறையைக் கழற்றாமல் வரிசையாக ஒவ்வொரு தாளையும் படித்தார். கடைசித் தாளில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "இதில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று கேட்டார். கோபம் இல்லை. உண்மையிலேயே தேடினார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. 1940களில் 11,000க்கு மேல் இருந்த பால்பண்ணைகள் இன்று 500க்கும் கீழே வந்துவிட்ட மாநிலம் இது. அதில் ஒரு கொட்டிலின் கதவைப் பற்றி அவர் பேசினார், நான் அதை வாடகை வீட்டுக் கணக்கில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து நான் பிடிக்கும் விதிகள் இவை. சொன்னவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எழுதுங்கள், நீங்கள் சுருக்காதீர்கள். எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டி, "இதுதானே?" என்று கேளுங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் எழுதட்டும், ஒருவர் விட்டது மற்றவரிடம் இருக்கும். தலைப்பு போட்டுப் பிரிக்கும் வேலையை ஊராரிடமே விடுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனிச் சீட்டாக வெட்டி, நீளமான மேசையில் பரப்பி, எதோடு எது சேரும் என்று அவர்களே நகர்த்தட்டும். அந்த அம்மாவின் சீட்டை ஒருவர் வீட்டு வசதியில் வைத்தார். இன்னொருவர் எடுத்துப் புல்வெளியோடு சேர்த்தார். மூன்றாமவர் ஒரு வெள்ளைச் சீட்டில் "பண்ணையைக் கைமாற்றுவது" என்று எழுதி இரண்டுக்கும் நடுவில் வைத்தார். அந்தத் தலைப்பு எங்கள் யாருடைய பட்டியலிலும் அதுவரை இல்லை.

முட்டிக்கொள்ளும் இடம்

பொது மதிப்பு ஒன்றாக இருந்தாலும் வேலை என்று வரும்போது முட்டும். நிலம் திறந்து கிடக்க வேண்டும் என்றவர்களே பிள்ளைகளுக்கு வீடு வேண்டும் என்றும் சொன்னார்கள். இதில் ஓட்டெடுக்காதீர்கள். "இரண்டும் வேண்டுமென்றால் வீடு எங்கே வரலாம்?" என்று கேட்டு வரைபடத்தை விரியுங்கள். எங்கள் ஊரில் எல்லோர் விரலும் ஊர் நடுவில், கடையும் தேவாலயமும் இருக்கிற தெருவில்தான் போய் நின்றது.

அங்கே ஏன் இதுவரை வரவில்லை என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. வெர்மான்டின் பல சின்ன ஊர்களைப் போல எங்கள் ஊர் நடுவிலும் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அதன் தண்ணீர் இறங்கத் தனியாக மண் வேண்டும், கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பழைய வீட்டை மூன்று குடித்தனமாகப் பிரிக்க நினைத்தவருக்கு வீடு இருக்கிறது, மாடி இருக்கிறது, தண்ணீர் இறங்க இடம் இல்லை. அத்தோடு ஊர் நடு என்பது ஆற்றுப் பள்ளத்தாக்கு. 2011 ஆகஸ்ட் 28இல் ஐரீன் புயலிலும், 2023 ஜூலை 10, 11 தேதிகளிலும், மறுவருஷம் அதே தேதிகளிலும் வெர்மான்ட் ஆறுகள் செய்ததை யாரும் மறக்கவில்லை. ஆக, மேடு பார்த்துக் கோயிலும் ஊரும் வைத்த நம் பெரியவர்கள் மாதிரி, வெள்ளம் ஏறாத சரிவு எது, அங்கே பொதுக் குழாய் போட முடியுமா என்று பார்ப்பதில் பேச்சு வந்து நின்றது. புல்வெளிக்காரரும் வீட்டுக்காரரும் ஒரே வேலையைக் கேட்டார்கள். இந்த மாதிரி மண் வரைக்கும் இறங்கும்வரை பேச்சை விடாதீர்கள்.

பொட்டு வைத்துத் தேர்வது

இரண்டாவது கூட்டத்தில் ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர். நான் அதைப் பொட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன், இப்போது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவரில் உள்ள தலைப்புகளில் முக்கியமென்று நினைப்பதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒரு எச்சரிக்கை: பொட்டு ஏற்கெனவே குவிந்த இடத்தில் பின்னால் வருபவர்களும் ஒட்டுவார்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூன்று எண்ணைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், பிறகு எழுந்துபோய் ஒட்டட்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தலைப்புக்கும் யாராவது ஒரு நிமிடம் பேசட்டும். தேர்வது மூன்று, மிஞ்சினால் நாலு வேலை. எங்களுக்கு வந்தவை: ஊர் நடுவின் கழிவுநீர் ஆய்வு, பண்ணை கைமாற்ற உதவி, பள்ளிக்குப் பிந்தைய பிள்ளைக் காப்பகம்.

ஆட்கள் கிளம்புவதற்கு முன் அந்தந்தத் தாளின் கீழே பெயர் எழுத வையுங்கள். பொட்டு ஐம்பது இருந்து பெயர் இரண்டே இருந்தால் அந்த வேலையை இந்த வருஷம் எடுக்காதீர்கள்.

டவுன் மீட்டிங்குக்குக் கொண்டுபோவது

பணம் வேண்டுமானால் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை, ஊர் வாக்காளர்கள் கூடி வரவு செலவை முடிவு செய்யும் டவுன் மீட்டிங்தான் வழி. மாநில விடுமுறை நாள். வேலைக்குப் போகிறவர்கள் ஏழு நாள் முன்னால் முதலாளியிடம் சொன்னால் சம்பளமில்லாமல் விடுப்பு கேட்க உரிமை உண்டு. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இது தெரியாது.

முதலில் ஊரை நடத்தும் செலக்ட்போர்டிடம் போய் உங்கள் கோரிக்கையை அவர்களே நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். தயங்கினால் மனு போடலாம். ஊர் வாக்காளரில் 5 சதவீதம் பேர் கையெழுத்து, கூட்டத்துக்கு 47 நாளுக்கு முன்னால் ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் டவுன் கிளார்க் கையில் இருக்க வேண்டும். அதாவது ஜனவரி நடுவில். 1,300 வாக்காளர் இருந்தால் 65 கையெழுத்து. 85 வாங்குங்கள், சிலர் பட்டியலில் இருக்கமாட்டார்கள். நான் ஜனவரிக் குளிரில் குப்பைக் கிடங்கில் நின்று வாங்கினேன். பேனா மை உறைந்துவிட்டது. மூன்று பேனாவைக் கையுறைக்குள் வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பேசக் கூடாது. எல்லாப் பேச்சும் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரை நோக்கித்தான். இது சம்பிரதாயம் மாதிரித் தெரியும், ஆனால் அண்டை வீட்டார் இருவர் சண்டையில்லாமல் எதிர்த்துப் பேசிக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. நாங்கள் ஆய்வுக்கு 15,000 டாலர் கேட்டோம். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து 10,000 ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தார். நியாயமான கேள்விகள் கேட்டார். அந்த மேல்மலை அம்மா எழுந்தார். தன் கொட்டிலைப் பற்றி அதே வாக்கியத்தைச் சொன்னார். திருத்தம் தோற்றது. நாங்கள் கேட்ட தொகைக்கு "ஆம்" என்ற குரல் பலகைத் தரையில் அதிர்ந்தது.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு: மான்ட்பீலியர், வினூஸ்கி, பர்லிங்டன் மூன்று நகரங்களிலும் சட்டப்படி குடியிருக்கிறவர்கள் உள்ளூர் விஷயங்களில் ஓட்டுப் போடலாம். மற்ற ஊர்களில் ஓட்டு கிடையாது, ஆனால் பேச அனுமதி கேட்கலாம். மாடரேட்டரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். நான் குடியுரிமை வாங்குவதற்கு முன் இரண்டு முறை அப்படிப் பேசியிருக்கிறேன், ஒருவரும் மறுக்கவில்லை.

நன்னிலம் பக்கம் எங்கள் அப்பாவின் ஊரில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். மனுவோடு வந்தவர்கள் அதிகாரியைப் பார்த்துப் பேசினார்கள், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து யாரும் பேசியதாக நினைவில்லை. அங்கேயும் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், குளத்துப் படிக்கட்டிலோ டீக்கடையிலோ "எதை இழக்க மனசு வராது?" என்று கேட்டுச் சீட்டு சேர்த்தால் தீர்மான நோட்டில் ஏறுவது வேறாக இருக்கும் என்று நம்புகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தம்பியோடு சேர்ந்து செய்து பார்க்கப் போகிறேன்.

பிறகு

ஆறு மாதம் கழித்து ஒரு தேதியை மூன்றாவது கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள். அன்று ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பெடுத்தவர் ஐந்து நிமிடம் சொல்லட்டும்: எது நடந்தது, எது நடக்கவில்லை. எங்கள் பிள்ளைக் காப்பகம் ஆள் கிடைக்காமல் நின்றுபோனது. அதையும் தாளில் எழுதி ஒட்டினோம். ஆய்வு நடக்கிறது. குழாய் வர இன்னும் வருஷங்கள் ஆகும். பண்ணைக் குழு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்களை அழைத்து வந்து மேல்மலையில் நாலு குடும்பங்களோடு உட்கார வைத்தது.

தோழி ஊரின் முதல் கூட்டம் அக்டோபர் இரண்டாம் வாரம், ஆறரை மணிக்கு. சார்ட் தாள், தடித்த பேனா, கத்தரிக்கோல், பொட்டு எல்லாம் என் காரில் ஏற்றியாகிவிட்டது. அவள் பக்கத்தில் இரண்டாவது குறிப்பாளராக நான் உட்காரப் போகிறேன். புளியோதரையும் நான்தான் கொண்டுபோகிறேன்.